எரிக்காமல் சூடாக்க ஐந்து வழிகள்: வடிவமைப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

புகையிலையை எரிக்காமல் சூடாக்கி, அதில் உள்ள நிகோடினை ஆவியாக வரவழைக்கும் கருவி ஒன்றை வடிவமைக்க வேண்டும். சிகரெட்டுக்குப் பழகியவர் அதைக் கையில் எடுத்தால் சிகரெட்டைக் கீழே வைத்துவிட வேண்டும். இதுதான் வேலை என்றால், முதலில் எழும் கேள்வி எதை வைத்துச் சூடாக்குவது என்பது. 1980களின் கடைசியிலிருந்து பெரிய புகையிலை நிறுவனங்கள் இதற்கு ஐந்து விதமாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டன. புகையிலைக் குச்சியின் நுனியில் கரித்துண்டை வைத்துப் பற்றவைப்பது ஒன்று. சூடான தகட்டைப் புகையிலைக்குள் செருகுவது இரண்டாவது. வெளியே சுற்றிலும் சூடேற்றுவது மூன்றாவது. காந்தப்புலத்தைக் கொண்டு குச்சிக்குள் இருக்கும் உலோகத்தைச் சூடாக்குவது நான்காவது. வேறொரு திரவத்தை ஆவியாக்கி, அந்த ஆவியைப் புகையிலை வழியாக அனுப்புவது ஐந்தாவது.

ஜப்பானிலோ மலேசியாவிலோ வேலை செய்யும் நம்மவர்கள் இந்தக் கருவிகளைப் பழகிவிட்டு ஊருக்கு வருகிறார்கள். "எரியறதே இல்லையாம், அதனால கெடுதல் இல்லையாம்" என்ற பேச்சும் கூடவே வருகிறது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டம் இவற்றையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். ஆகவே எதை வாங்கலாம் என்று சொல்வதற்கு இங்கே இடமில்லை. கருவிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் "எரிவதில்லை" என்ற ஒற்றைச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது புரியும். அதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் சூட்டுக் கணக்கு

சிகரெட்டை இழுக்கும்போது அதன் கனல் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. இரண்டு இழுப்புக்கு நடுவே சும்மா புகைந்துகொண்டிருக்கும்போதும் 600க்கு மேல்தான் இருக்கிறது. அந்தச் சூட்டில் இலையில் உள்ள சர்க்கரை, செல்லுலோஸ், புரதம் எல்லாம் சிதைந்து, இலையில் இல்லாத ஆயிரக்கணக்கான சேர்மங்கள் புதிதாகப் பிறக்கின்றன. சிகரெட் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருப்பதும், அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்பதும் நீண்ட காலமாகத் தெரிந்தவை. இவற்றில் கார்பன் மோனாக்சைடு, பென்சீன் போன்றவை பெரும்பாலும் இலை எரிவதால் வருபவை.

நிகோடினுக்கு அவ்வளவு சூடு வேண்டியதில்லை. அதன் கொதிநிலை 247 டிகிரி. அதற்குக் கீழேயே இலையை விட்டு ஆவியாக வரத் தொடங்கிவிடும். ஆனால் நிகோடின் மட்டும் வந்தால் புகைப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது, தொண்டையிலும் ஒன்றும் உறைக்காது. அதனால் புகையிலையோடு கிளிசரினைக் கலக்கிறார்கள். வெளியே வரும் வெண்மையான படலம் பெரும்பாலும் தண்ணீரும் கிளிசரினும்தான். கிளிசரினின் கொதிநிலை 290. ஆக, சூட்டின் கீழ் எல்லை ஏறக்குறைய 200. மேல் எல்லை இலை கருகத் தொடங்கும் இடம்.

அந்த மேல் எல்லைதான் தொல்லை. தீப்பற்றுவதற்கு வெகு முன்பே இலை கருக ஆரம்பித்துவிடுகிறது. தீ இல்லாமலே, வெறும் சூட்டில் பொருள் சிதைவதை வெப்பச்சிதைவு என்பார்கள். தீங்கான பொருள்கள் அதிலும் பிறக்கும். இன்னொன்று, புகையிலை வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூடாக்கும் பரப்பு 350 டிகிரியில் இருந்தால், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் இலைக்கு அதில் வெகுவாகக் குறைந்த சூடே போய்ச் சேரும். அந்தத் தொலைவில் இருக்கும் இலையும் பயன்பட வேண்டுமென்றால், தகட்டை ஒட்டியிருக்கும் இலை தேவைக்கு மேல் வெந்தே தீரும். நிறுவனம் சொல்லும் டிகிரி ஒன்று, இலையின் ஒவ்வொரு பகுதியும் காணும் டிகிரி வேறு. ஐந்து வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி, இந்த ஏற்றத்தாழ்வை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

எந்த வழியாலும் தீராத ஒரு சிக்கலும் உண்டு. புகையிலைக்கே உரிய, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்கள் பெரும்பாலும் எரிவதால் உண்டாவதில்லை. இலையைப் பதப்படுத்தும்போதே அதில் உண்டாகிவிடுகின்றன. சூட்டைக் குறைத்தால் குறைவாக வெளிவரும், ஆனால் வராமல் இருக்காது. அவற்றைக் குறைக்க இலையின் வகையிலும் பதப்படுத்தும் முறையிலும்தான் கை வைக்க வேண்டும். ஸ்வீடனில் உதட்டுக்குள் வைக்கும் ஸ்னூஸ் புகையிலையைப் புளிக்க வைக்காமல் ஆவியில் வேகவைத்துத் தயாரிப்பதால் அதில் இந்த நைட்ரோசமைன்கள் குறைவு. கருவியை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இலையைக் கவனிக்காத வடிவமைப்பு பாதி வேலைதான்.

நுனியில் கரி

ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் 1988இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ், ஃபீனிக்ஸ், டூசான் நகரங்களில் 'ப்ரீமியர்' என்ற சிகரெட்டைச் சோதனையாக விற்றது. பார்க்கச் சாதாரண சிகரெட்தான். நுனியில் மட்டும் ஒரு கரித்துண்டு. அதற்குப் பின்னால் ஓர் அலுமினியக் குப்பி, அதற்குள் புகையிலைச் சாறும் கிளிசரினும் ஏற்றிய சிறு மணிகள். கரி எரியும், சூடான காற்று குப்பி வழியாகப் போகும், மணிகளிலிருந்து ஆவி கிளம்பும். பேட்டரி கிடையாது, சார்ஜர் கிடையாது, பிடித்து முடித்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். பொறியியல் நோக்கில் இந்த ஐந்தில் மிக எளிமையானது இதுதான் என்று சொல்வேன்.

ஆனால் மக்கள் ஏற்கவில்லை. தீக்குச்சியால் பற்றவைத்தால் கந்தக நாற்றம் சேர்ந்து கெட்ட வாடை அடித்தது. கேஸ் லைட்டர்தான் வேண்டும். பற்றவைக்கவே நேரம் பிடித்தது, மூச்சை இழுத்துப் பிடித்து உறிஞ்ச வேண்டியிருந்தது. கோடிக்கணக்கான டாலரை விழுங்கிய ப்ரீமியரை 1989இலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அதே நிறுவனம் 1990களில் 'எக்லிப்ஸ்' என்று மறுபடி முயன்றது. கரி நுனியைச் சுற்றி வெப்பம் தாங்கக் கண்ணாடி இழையைச் சுற்றினார்கள். அந்த இழைத் துணுக்குகள் ஃபில்டரில் ஒட்டியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நுரையீரலுக்குள் இழுக்கும் ஒரு பொருளில் கண்ணாடி இழை என்பதை எந்த வடிவமைப்பாளரும் முதல் நாளே நிராகரித்திருக்க வேண்டும். அப்புறம், எரிவது கரி என்றாலும் எரிவது எரிவதுதான். கார்பன் மோனாக்சைடு குறையவில்லை. இதயத்தை வாட்டும் பொருள்களில் முக்கியமான ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு தார் எனும் கரும்பிசினை மட்டும் குறைத்த வடிவமைப்பு இது. எக்லிப்ஸ் தீங்கு குறைந்தது என்று செய்த விளம்பரங்கள் மக்களை ஏமாற்றுபவை என்று வெர்மாண்ட் மாநில நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது.

கரி வழியை நான் இங்கேயே ஒதுக்கிவிடுகிறேன். கரி எரிவதற்கான காற்று புகைப்பவரின் மூச்சிலிருந்து வருகிறது. பலமாக இழுத்தால் சூடு ஏறும், மெதுவாக இழுத்தால் இறங்கும். மேல் எல்லையைக் கட்டிப்போட வழியே இல்லாத ஹீட்டர் இந்த வேலைக்கு ஆகாது.

உள்ளே செருகும் தகடு

மின்சாரத்தால் சூடாக்குவதில் உள்ள பெரிய லாபம் கட்டுப்பாடு. ஃபிலிப் மாரிஸ் 1998இல் 'அக்கார்ட்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. தனிச் சிகரெட்டை ஒரு சிறு பெட்டிக்குள் செருகி, பெட்டியையே வாயருகே வைத்து இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு ஹீட்டர் மட்டும் சூடாகும். யோசனை நல்லது, ஆனால் கையில் பிடிக்கவே கூச்சமாக இருக்கும் உருவம். சந்தையில் நிற்கவில்லை.

அதே நிறுவனம் 2014இன் கடைசியில் ஜப்பானின் நகோயாவிலும் இத்தாலியின் மிலானிலும் ஐகோஸைக் கொண்டுவந்தது. பேனா அளவு பிடி, அதற்குள் பீங்கான் பூசிய மெல்லிய தகடு. குச்சியைச் செருகினால் தகடு புகையிலையின் நடுவே பாய்ந்து நிற்கும். உச்ச சூடு 350 டிகிரி. தகடே ஹீட்டர், தகடே வெப்பமானி. தன் சூட்டைத் தானே அளந்து, எல்லையைத் தாண்டினால் மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். கரி நுனியால் முடியாத காரியம் இது.

அந்தக் குச்சியைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது தெரியும். நீளம் 45 மில்லிமீட்டர். சாதாரண சிகரெட்டில் பாதிதான். அதில் புகையிலை இருப்பது முன்பக்கம் 12 மில்லிமீட்டர் மட்டும். அதுவும் நறுக்கிய இலை இல்லை. புகையிலையைப் பொடியாக்கி, தண்ணீர், கிளிசரின், செல்லுலோஸ் நார், கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசின் சேர்த்துக் குழைத்து, தாளாக வார்த்து, மடிப்பு மடிப்பாகச் சுருட்டி அடைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் நடுவே துளையுள்ள ஒரு குழாய்ப் பகுதி. தகட்டின் குத்துக்கு எதிரே புகையிலை பின்வாங்காமல் அது பிடித்துக்கொள்கிறது. அடுத்து, மடித்து வைத்த பாலிமர் தாள். சூடான ஆவி உதட்டைச் சுடாமல் குளிர்விப்பது அதன் வேலை. கடைசியில் வாய் வைக்கும் ஃபில்டர்.

அந்தப் பாலிமர் தாளைத்தான் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு ஆய்வாளர்கள் 2018இல் சோதித்தார்கள். அவர்கள் பார்த்த குச்சிகளில் தாள் உருகியிருந்தது. 90 டிகிரிக்குச் சூடேற்றியபோதே அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு சயனோஹைட்ரின் என்ற நச்சு வெளிப்பட்டது. குச்சியின் உள்ளே புகையிலை கருகியிருந்ததையும், ஒவ்வொரு குச்சிக்குப் பிறகும் தகட்டைத் துடைக்காவிட்டால் கருகல் கூடுவதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். புகையிலையின் சூட்டை மட்டும் கணக்குப் போட்டு, அந்தச் சூட்டின் பாதையில் இருக்கும் மற்றப் பொருள்களை மறந்தால் இப்படித்தான் ஆகும்.

தகட்டின் இன்னொரு பலவீனம் அன்றாடப் பயன்பாட்டில் தெரியும். குச்சியைத் திருகி எடுத்தால் தகடு முறியலாம். தகட்டில் பிசுபிசுப்பான கறுப்புப் படிவு சேரும். அதைச் சுத்தம் செய்வது புகைப்பவரின் பொறுப்பு. அவர் செய்வார் என்று நம்பி ஒரு பாதுகாப்பைக் கட்டக் கூடாது.

ஒரு குச்சிக்கு ஆறு நிமிடம் அல்லது 14 இழுப்பு என்று கருவியே நிறுத்திவிடும் ஏற்பாடும் கவனிக்க வேண்டியது. பேட்டரிக்கும் கருகலுக்கும் அது நல்லது. ஆனால் நேரம் முடிவதற்குள் இழுத்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் புகைப்பவரைத் தொற்றிக்கொள்ளலாம். சிகரெட்டைச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர் கூட இதில் விடாமல் இழுப்பார்.

வெளியிலிருந்து சுற்றிச் சூடாக்குவது

பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ 2016 டிசம்பரில் ஜப்பானின் செண்டாயில் அறிமுகப்படுத்திய 'குளோ' இந்த வகை. குழாய் வடிவ ஹீட்டருக்குள் நீளமான ஒல்லிக் குச்சியைச் செருகுவார்கள். வெளியிலிருந்து வரும் சூடு நடுவரை போய்ச் சேர வேண்டும் என்பதால் குச்சி ஒல்லியாக இருந்தே ஆக வேண்டும். சூடாக்கும் பரப்பு பெரிது, தூரம் குறைவு. அதனால் 240 டிகிரியிலேயே வேலை நடந்தது. தகடு இல்லை, முறிய எதுவும் இல்லை, குழாயைப் பிரஷ் விட்டுத் துடைத்தால் போதும். ஒரே உடம்பில் பெரிய பேட்டரி வைக்க இடம் இருந்ததால், ஐகோஸைப் போல ஒவ்வொரு குச்சிக்கும் பிடியைச் சார்ஜரில் போட்டு எடுக்கும் தொல்லையும் இல்லை.

இதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், சூட்டில் ஒரு பகுதி உள்ளே போகாமல் வெளியே கசிகிறது. கருவி கையில் கதகதக்கும், வெப்பக் காப்பு வேண்டும், சூடேறவும் நேரம் ஆகும். காலையில் முதல் சிகரெட்டுக்குத் தவிப்பவருக்கு அரை நிமிடம் காத்திருப்பது சாதாரணம் இல்லை. ஆனாலும் வடிவமைப்பு என்ற அளவில் எனக்குப் பிடித்தது இதுதான். 350 டிகிரித் தகடு ஒன்று நடுவில் நிற்பதைவிட, குறைந்த சூட்டைப் பெரிய பரப்பில் பரப்புவது அடிப்படையிலேயே சரியான அணுகுமுறை.

காந்தப்புலம்

ஐகோஸ் இலுமா 2021இல் ஜப்பானில் வந்தது. இதில் கருவிக்குள் தகடு இல்லை. ஒவ்வொரு குச்சியிலும் புகையிலைக்கு நடுவே ஒரு மெல்லிய உலோகப் பட்டை. கருவியில் இருக்கும் கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, உலோகம் தானாகச் சூடாகிறது. சமையலறை இண்டக்ஷன் அடுப்பில் அடுப்பு சூடாகாமல் பாத்திரம் சூடாகும் அதே தத்துவம்.

துடைக்கும் வேலை போயிற்று, முறியும் தகடு போயிற்று. குச்சியின் முன்முனையை மூடிவிட முடிந்ததால் புகையிலைத் தூள் உள்ளே சிந்துவதும் நின்றது. சுத்தம் செய்யாததால் கருகல் கூடும் பிரச்சினைக்கு இது நேரடியான தீர்வு. பொறியியலாக இது அழகான வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் உச்ச சூடு அதே 350தான். பட்டையை ஒட்டிய இலையின் கதி மாறவில்லை. அதோடு, தூக்கி எறியும் ஒவ்வொரு குச்சியிலும் இப்போது உலோகமும் போகிறது. நிகோடின் உள்ள குச்சி ஒரு குழந்தையின் வாய்க்குப் போனால் நஞ்சு மட்டும் இல்லை, கூர்மையான உலோகமும் உள்ளே போகும். விழுங்கினால் பலத்த காயம் ஏற்படலாம் என்று பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பிடித்து முடித்த குச்சி மேசை விளிம்பில் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். கருவியின் ஆபத்தைக் குறைத்துக் குச்சியின் ஆபத்தைக் கூட்டிய பேரம் இது. வடிவமைப்பு மேசையில் உட்கார்ந்திருந்தால் நான் இதற்கு எதிராகக் கை தூக்கியிருப்பேன்.

புகையிலை வழியே ஆவி

ஐந்தாவது வழி மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. ஜப்பான் டொபாக்கோ 2016இல் ஃபுகுவோகாவில் விற்கத் தொடங்கிய 'ப்ளூம் டெக்' இந்த வகை. ஒரு சிறு குப்பியில் இருக்கும் திரவத்தை மின்சாரம் ஆவியாக்குகிறது. அதில் நிகோடின் இல்லை. அந்த ஆவி வாய்க்குப் போகும் வழியில் புகையிலைத் தூள் அடைத்த ஒரு காப்ஸ்யூல். ஆவி அதன் ஊடே போகும்போது நிகோடினையும் வாசனையையும் எடுத்துக்கொள்கிறது. புகையிலை காணும் சூடு சுமார் 30 டிகிரி. சென்னையின் சாதாரணப் பகல் அளவுக்குக் கூட இல்லை.

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கிளைக்கதை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் படித்த ஜேம்ஸ் மான்சீஸ், ஆடம் போவன் இருவரும் தொடங்கிய நிறுவனம்தான் ப்ளூம். 2010இல் அவர்கள் விற்ற முதல் கருவி பேட்டரியில் ஓடவில்லை. பியூட்டேன் கேஸால் புகையிலைக் குப்பியைச் சூடாக்கியது. பிறகு ஜப்பான் டொபாக்கோ முதலீடு செய்து, 2015இல் அந்தப் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. அவர்கள் இருவரும் வேறு வழியில் போய் ஜூல் மின்சிகரெட்டைக் கொண்டுவந்தார்கள். அது அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடையே பரவிய கதை தனி.

கருகல் இல்லை, சாம்பல் இல்லை, வாடையும் மிகக் குறைவு. இலையின் வெப்பச்சிதைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆவியாகும் திரவத்தால் வரும் தீங்கு மட்டும் மிச்சம். கிளிசரினை மிகையாகச் சூடேற்றினால் அக்ரோலின் என்ற நச்சு உண்டாகும் என்பதால் அந்தக் குட்டி ஹீட்டரைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். நுரையீரலை மட்டும் கேட்டால் ஐந்தில் இதுதான் முதலிடம்.

நாக்கையும் தொண்டையையும் கேட்டால் கடைசி இடம். நிகோடின் குறைவாக வருகிறது, மெதுவாக வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவருக்கு இது காணாது.

ஏறிக்கொண்டே போன டிகிரி

இந்த வழிகளைக் காலவரிசையில் வைத்தால் ஒரு போக்கு கண்ணில் படுகிறது. எனக்கு இந்த ஒப்பீட்டில் மிக முக்கியமாகப் படுவது அதுதான். குளோ 240 டிகிரியில் தொடங்கியது. அடுத்து வந்த குளோ ஹைப்பரில் பருமனான குச்சியும் 260 டிகிரி வரை போகும் பூஸ்ட் வசதியும் சேர்ந்தன. 30 டிகிரியில் இருந்த ப்ளூம் டெக்கின் பிளஸ் வடிவம் 40க்குப் போனது. அதே ஜப்பான் டொபாக்கோ 2019இல் ப்ளூம் எஸ் என்று 200 டிகிரிக் கருவியைக் கொண்டுவந்து, 2021இல் ப்ளூம் எக்ஸில் 295 டிகிரிக்கு உயர்த்தியது. ஆரம்பத்திலிருந்தே 350இல் இருந்த ஐகோஸ்தான் சந்தையில் முன்னே நின்றது. மற்றவர்கள் அதை நோக்கி நகர்ந்தார்கள்.

நுரையீரலுக்கு இன்னும் கொஞ்சம் சூடு தேவை என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. சிகரெட்டுக்குப் பழகிய தொண்டை "இன்னும் காரமாக வேண்டும்" என்று கேட்டது, டிகிரி ஏறியது. அப்படியானால் இந்தக் கருவிகளில் சூட்டைத் தீர்மானிப்பது ருசி. பாதுகாப்பு, ருசி விட்டுவைத்த இடத்தில் ஒண்டிக்கொள்கிறது.

இதன் பலன் அளவீடுகளில் தெரிகிறது. எரிப்பில் பிறக்கும் பல நச்சுகள் சிகரெட்டைவிட வெகுவாகக் குறைந்திருப்பது உண்மை, அதை மறுக்க முடியாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 ஜூலையில் ஐகோஸுக்கு ஓர் அனுமதி தந்தது. சிகரெட்டை முழுவதுமாக விட்டு இதற்கு மாறினால் நச்சுகள் உடலில் சேர்வது குறையும் என்று விளம்பரம் செய்துகொள்ளலாம். நோய் அபாயம் குறையும் என்று சொல்லிக்கொள்ளவும் நிறுவனம் கேட்டிருந்தது. அதை நிர்வாகம் அனுமதிக்கவில்லை. அந்த விண்ணப்பத்தில் நிறுவனமே கொடுத்த தரவுகளை வேறு ஆய்வாளர்கள் 2018இல் பிரித்துப் பார்த்தபோது, 56 பொருள்கள் சிகரெட்டைவிட அதிகமாக வந்திருப்பதைக் கண்டார்கள். நிறுவனம் முன்னிறுத்திய பட்டியலில் இல்லாத பொருள்கள் அவை. ஆக, குறைந்தவை குறைந்திருக்கின்றன. ஆனால் "சிகரெட்டின் நச்சில் சிறு பங்குதான்" என்று ஒரே எண்ணாகச் சொல்வது சரியாகாது.

பாதி மாறினால் என்ன?

எந்தக் கருவியானாலும், அதை வாங்கியவர் சிகரெட்டை அடியோடு விட்டால்தான் கணக்கு நேராகும். பெரும்பாலும் நடப்பது வேறு. அலுவலகத்திலும் வீட்டிலும் கருவி, டீக்கடை வாசலில் சிகரெட். இருபதை ஐந்தாகக் குறைத்துவிட்டேன், நான்கில் மூன்று பங்கு ஆபத்து போய்விட்டது என்று மனம் கணக்குப் போடும். இதயம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதயநோய் அபாயத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கிறது என்று 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு காட்டியது. ஆண்களில் 46 சதவீதம், பெண்களில் 31.

ஆகவே குறைந்த சூட்டுக் கருவியை ஒரேயடியாக உயர்த்திப் பிடிக்கவும் முடியாது. ருசி போதாமல் பாதியில் நிற்பவருக்கு ப்ளூம் டெக்கின் 30 டிகிரி எந்த நன்மையும் செய்யாது. 350 டிகிரிக்காரர்கள் இந்த இடத்தில்தான் தங்கள் நியாயத்தை வைக்கிறார்கள். சிகரெட்டுக்கு நெருக்கமாக இருந்தால்தான் ஆள் முழுதாக மாறுவான் என்கிறார்கள். இந்த வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஜப்பானில் இவை பரவிய பிறகு சிகரெட் விற்பனை முன்பைவிட வேகமாகச் சரிந்தது என்பது பதிவான உண்மை. ஆனால் சிகரெட்டை விடுவதற்கு இவை உதவுகின்றனவா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2022இல் உலக அளவில் தேடியபோது, அதை நேரடியாகச் சோதித்த ஒரு மருத்துவ ஆய்வு கூடக் கிடைக்கவில்லை. கிடைத்த சோதனைகள் நச்சு அளவைத்தான் பார்த்திருந்தன. அவற்றில் ஆட்களைக் குலுக்கல் முறையில் பங்கிட்டுச் செய்த 11 சோதனைகளும் புகையிலை நிறுவனங்களின் பணத்தில் நடந்தவை.

ஆள் முழுதாக மாறுகிறான் என்பது இந்த வடிவமைப்பின் ஆதாரத் தூண். அந்தத் தூணைச் சோதிக்காமலேயே டிகிரியை ஏற்றியிருக்கிறார்கள்.

என் தேர்வு

ஐந்துக்குள் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் ஐந்தாவதை எடுப்பேன். முதலில் மேல் எல்லையை நுரையீரலுக்கு ஏற்பக் குறித்துவிட்டு, அதற்குள் எவ்வளவு ருசி கிடைக்கிறதோ அதோடு நிற்பதுதான் முறை. அந்த நிபந்தனைக்கு உட்படுவது அது ஒன்றுதான். இரண்டாமிடம் முதல் தலைமுறைக் குளோவின் 240 டிகிரி வெளிச்சூடு. தகடும் காந்தமும் 350இல் நிற்கும் வரை எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கரியைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்த அடுத்த நிமிடமே இன்னொரு கேள்வி எதிரே வந்து நிற்கிறது. அதில் புகையிலை செய்யும் வேலை என்ன? கொஞ்சம் நிகோடினும் கொஞ்சம் வாசனையும் தருவது. அதற்குப் பதிலாக நைட்ரோசமைனைக் கூடவே கொண்டுவருகிறது. சூட்டைக் குறைக்கக் குறைக்கப் புகையிலையின் தேவையும் குறைகிறது. நல்ல வடிவமைப்பாளர் தேவையற்ற பாகத்தைக் கழற்றுவார். புகையிலையைக் கழற்றினால் மிஞ்சுவது நிகோடினும் ஆவியும். ஆவியையும் கழற்றினால் மிஞ்சுவது நிகோடின் மட்டும். அந்த வடிவமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. தோலில் ஒட்டும் பட்டையாகவும் மெல்லும் சூயிங்கமாகவும் மருந்துக் கடையில் கிடைக்கிறது. நிகோடின் மாற்று மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நிகோடின் இல்லாத வரெனிக்ளின், புப்ரோபியான் மாத்திரைகள் 2021இல் சேர்ந்தன. இவை மருத்துவர் சீட்டோடு எடுக்க வேண்டியவை.

இந்த மருந்துகள் சிகரெட்டை விடுவதற்கு உதவுகின்றன என்பதற்குப் பல பத்தாண்டுச் சோதனைகள் இருக்கின்றன. நுரையீரலுக்குள் எதையும் அனுப்புவதில்லை, இந்தியாவில் சட்டமும் தடுப்பதில்லை. 350 டிகிரித் தகடு செய்ய முயலும் வேலையை உடல் சூட்டிலேயே செய்கின்றன. அவற்றின் குறை, ப்ளூம் டெக்கின் அதே குறை. நிகோடின் மெதுவாக ஏறுகிறது, கை சும்மா இருக்கிறது, புகை இல்லை. அதற்கு மருத்துவர்கள் சொல்லும் வழி இரண்டைச் சேர்ப்பது. நாள் முழுக்கச் சீராக நிகோடின் தர ஒரு பட்டை, தவிப்பு தலைதூக்கும் நேரத்துக்கு ஒரு சூயிங்கம். ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட இந்தச் சேர்க்கை நன்றாக வேலை செய்கிறது. இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சூயிங்கத்தை முயன்று "எனக்கு ஒத்துக்கலை" என்று விட்டவர்கள் நிறைய. கேட்டுப் பார்த்தால், பலர் அதைச் சாதாரண பபிள்கம் மாதிரி விடாமல் மென்றிருப்பார்கள். அப்படி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் வரும். நாலைந்து முறை மெதுவாக மென்று, நாக்கில் காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். நிகோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் இரத்தத்தில் சேர வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும், மறுபடி ஒதுக்க வேண்டும். ஒரு துண்டு ஏறக்குறைய அரை மணி நேரம் வரும். காபியோ பழச்சாறோ குடித்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் போடுங்கள், வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் ஏறாது. எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்று கேட்டுக்கொள்ள 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது.